கடலில் ஒரு வயல்! விதைக்கு யார் பொறுப்பு?

கடல் வேலை ஆண்கள் வேலை என்று பலர் எண்ணுகிறார்கள். ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரைக்குப் போனால் அந்த எண்ணம் மாறிவிடும்.

பாம்பன், மண்டபம் பகுதிப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலில் இறங்குகிறார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கி, பாறையில் வளரும் பாசியைப் பறித்து வருகிறார்கள்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-ல் தேசியப் பூங்கா ஆயின. அங்கே பாசி எடுக்கத் தடை. பிழைப்பு சுருங்கியது.

தெப்பமே வயல்

2000-ம் ஆண்டுக்குப் பிறகு பாசி வளர்ப்பு பரவியது. பெண்கள் குழுவாகச் சேர்ந்து இதில் இறங்கினார்கள்.

12 அடி நீளம், 12 அடி அகலத்தில் ஒரு மூங்கில் தெப்பம். குறுக்கே கயிறுகள். கயிற்றில் பாசித் துண்டுகளைக் கட்டிக் கரையோரக் கடலில் மிதக்கவிடுவார்கள். உரம் வேண்டாம். பாய்ச்சத் தண்ணீர் வேண்டாம். 60 கிலோ கட்டினால், 45 நாளில் ஏறக்குறைய 240 கிலோ ஆகும்!

அதில் 60 கிலோவை மறுபடி நடுவதற்கு எடுத்துக்கொள்வார்கள். மீதியைக் காயவைத்து விற்பார்கள். 10 கிலோ காய்ந்தால் ஏறக்குறைய 1 கிலோதான் தேறும். அதிலிருந்து எடுக்கும் பசைப்பொருள் ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேருகிறது.

கடல் சுட்டது

2012-13-ல் காய்ந்த பாசி விளைச்சல் 1,500 டன் வரை ஏறியது. அதன்பின் வந்தது அடி. 2013-ல் கடல் நீர் சூடேறியது. பாசி வெளுத்தது, அழுகி உதிர்ந்தது.

வயலில் நெல் கருகினாலும் வீட்டுக் குதிரில் விதைநெல் இருக்கும். இந்தப் பாசி வளர்ப்பில் தனியாக விதை கிடையாது. வளரும் பாசியை ஒடித்துத்தான் மறுபடி நட வேண்டும். ஆகவே விளைச்சலும் போனது, விதையும் போனது!

புகை கக்கியவை எங்கோ உள்ள ஆலைகள். தெப்பம் காலியானது கடற்கரைப் பெண்ணுக்கு. இது நியாயமா?

செய்ய வேண்டியது என்ன?

வளமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023-ல் அடிக்கல் நாட்டினார்கள். நல்ல காரியம். ஆனால் கட்டிடம் மட்டும் பாசியைக் காப்பாற்றாது. தெப்பமும் கயிறும் கொடுத்தால் மட்டும் போதாது. விதையும் கொடுக்க வேண்டும்.

வெப்பம் தாங்கும் விதைப்பாசியைச் சேமித்துவைக்கும் நிலையங்கள் கரையோர ஊர்களில் வேண்டும். நெற்பயிருக்குக் காப்பீடு இருப்பதுபோல, ஒவ்வொரு தெப்பத்துக்கும் காப்பீடு போய்ச் சேர வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. குருசடைத் தீவில் இந்தப் பாசி பவளப்பாறைமேல் படர்ந்தது 2008-ல் தெரியவந்தது. பவளம் அழிந்தால் மீனும் குறையும். ஆகவே தீவுகளை விட்டு விலகியே வளர்க்க வேண்டும்.

கடலுக்குப் போகும் பெண் கருணை கேட்கவில்லை. உழைக்க அவள் தயார். அடுத்த முறை கடல் சுடும்போது, மறுபடி நட அவள் கையில் ஒரு பிடி பாசி இருக்க வேண்டும். அவ்வளவுதான்!