மடிக்கணினியைத் தந்தால் போதுமா?

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், பேரறிஞர் அண்ணாவின் பிறந்த தினத்தன்று, தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. அந்த மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், உப்பேரிக்கும் வங்கக் கடலுக்கும் அருகே அமைந்த பழவேற்காட்டு மீனவர் குப்பங்களின் பிள்ளைகளும், அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பயின்ற காரணத்தால், அத்திட்டத்தின் பயனுக்கு உரியவர்களானார்கள். 2025-26-ஆம் ஆண்டின் நிதிநிலை அறிக்கை, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்று அறிவித்தது. கொடுப்பது நற்காரியம் என்பதில் ஐயமில்லை. ஆனால், கொடுத்த பொருள் ஒரு நாள் காலையில் வேலை செய்ய மறுத்தால், கோட்டைக்குப்பத்திலோ நடுக்குப்பத்திலோ இருக்கிற ஒரு மாணவி யாரிடம் போய் யோசனை கேட்பாள் என்ற வினாவுக்கு இன்னும் திருப்தியான விடை கிடைக்கவில்லை.

அரசு வழங்கிய கணினிகள் பலவற்றில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் என்ற இரண்டு இயங்குதளங்கள் சேர்ந்தே இடம்பெற்றிருக்கும். கணினியைத் திறக்கும்போது தோன்றும் பட்டியலில் வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். பாஸ் லினக்ஸ், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. தமிழிலேயே உபயோகிக்கத் தக்கது. உரிமத்துக்குக் காசு கேட்காதது. இவ்வாறு ஒரே யந்திரத்தில் இரண்டு இயங்குதளங்கள் வாழும்போது அடிக்கடி நேரும் சங்கடம் ஒன்று உண்டு. நேற்றுவரை ஒழுங்காக வேலை செய்த வைஃபை இன்று மறைந்துபோகும். அக்கம்பக்கத்து இணைப்புகளின் பெயர்ப்பட்டியல் தோன்றவேண்டிய இடத்தில், வைஃபை அடாப்டரே இல்லை என்ற அறிவிப்பு மட்டும் நிற்கும்.

இந்தச் சந்தர்ப்பத்தில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: மற்றோர் இயங்குதளத்தில் வைஃபை தெரிகிறதா? தெரிகிறது என்றால், கணினிக்குள் இருக்கும் வைஃபை அட்டை பழுதில்லாமல் இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சிறந்த சாட்சியம் வேறில்லை. புதிய அட்டை வாங்கவேண்டிய அவசியமும் இல்லை. இரண்டிலும் தெரியவில்லை என்றால்தான் விசைப்பலகையின் விமான முறைப் பொத்தான், பயாஸ் அமைப்பு, அட்டையின் பொருத்துமுனை ஆகியவற்றின் மீது சந்தேகம் கொள்ளவேண்டும். இரண்டு இயங்குதளங்கள் இருப்பதே தொல்லை என்று கருதுவோர் பலர். இத்தகைய சோதனையில் ஒன்றுக்கு மற்றொன்று துணையாக நிற்கும் அனுகூலத்தை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

விண்டோஸில் தெரிந்து லினக்ஸில் மறைவதற்கு மிகச் சாதாரணமான காரணம், 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் வழக்கத்துக்கு வந்த 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்னும் ஏற்பாடு. கணினியை அணைத்துவிட்டோம் என்று நாம் நினைத்திருக்க, விண்டோஸ் தன் நிலையில் ஒரு பகுதியை வட்டில் எழுதிவைத்துவிட்டு அரைத்தூக்கத்தில் கிடக்கிறது. சில வைஃபை அட்டைகள் அந்த ஸ்திதியிலிருந்து விடுபடாமலே லினக்ஸின் கையில் வந்து சேர்கின்றன. பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்ற பழைய ஒழுங்கை அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது: தன் முறை முடிந்தவர் வலையை எடுத்துக்கொண்டு விலகாவிட்டால், அடுத்த முறைக்காரர் அந்த இடத்தில் எப்படி வலை போடுவார்? விண்டோஸிலிருந்து 'ரீஸ்டார்ட்' கொடுத்து லினக்ஸுக்கு வந்தால் வைஃபை தெரிந்து, 'ஷட் டவுன்' செய்து வந்தால் மறைகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுவே. கண்ட்ரோல் பேனலில் மின்சக்தி அமைப்புக்குள் சென்று ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிடுவதே பரிகாரம். அதனால் விண்டோஸ் திறக்கச் சில விநாடிகள் கூடுதலாகும். ஆயினும் விண்டோஸின் கோப்புகளை லினக்ஸிலிருந்து திறந்து எழுதும்போது அவை சிதைந்துபோகும் அபாயமும் கூடவே நீங்கும்.

இரண்டாவது காரணம், அட்டையை இயக்கும் ஃபர்ம்வேர் என்ற சிறு நிரல் லினக்ஸில் இல்லாமற் போவது. பாஸ் லினக்ஸுக்கு ஆதாரமான டெபியன், மூலநிரல் வெளியிடப்படாத ஃபர்ம்வேரை நெடுங்காலம் தன் அதிகாரபூர்வமான நிறுவல் வட்டில் சேர்க்காமலே வைத்திருந்தது. 2022-இல் அதன் உறுப்பினர்கள் வாக்களித்து அக்கொள்கையை மாற்றிய பிறகு, 2023-இல் வெளிவந்த டெபியன் 12 முதல் அது சேர்க்கப்படுகிறது. பழைய பதிப்பை வைத்திருப்பவர்கள் அந்த நிரலை இணையத்திலிருந்துதான் பெறவேண்டும். இணையமோ வைஃபை இல்லாமல் வராது. இந்த முட்டுக்கட்டையை ஒரு செல்போனும் யுஎஸ்பி கேபிளும் நீக்கிவிடும். போனைக் கணினியோடு இணைத்து 'யுஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்கினால், வைஃபை அட்டையின் தயவில்லாமலே இணையம் வந்துவிடும். செல்போன் இல்லாத வீடு குப்பங்களில் இன்று அரிது. ஆகவே, வேண்டிய கருவி கையில் இருக்கிறது, அதை உபயோகிக்கும் முறையைச் சொல்லிக்கொடுப்பார்தாம் இல்லை.

உப்புக்காற்று வீசும் பிரதேசத்தில் இன்னொன்றையும் மறக்கலாகாது. ஈரமும் உப்பும் கலந்த காற்று உலோகத்தை அரிக்கும் என்பதைப் படகு எஞ்சின் வைத்திருப்போருக்கு எவரும் சொல்லவேண்டியதில்லை. கணினிக்குள் இருக்கும் பொருத்துமுனைகளும் அதற்கு விலக்காகா. இரண்டு இயங்குதளங்களிலும் அட்டை தெரியாதபோது, சார்ஜரைக் கழற்றிவிட்டு, மின்பொத்தானை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்து, பிறகு திறந்து பார்க்கவேண்டும். அதற்கும் பலனில்லையேல், தொழில் தெரிந்த ஒருவர் அட்டையை வெளியே எடுத்து, முனைகளைத் துடைத்து, மறுபடியும் பொருத்திப் பார்த்த பின்னரே அது கெட்டுப்போனது என்ற முடிவுக்கு வருவது நியாயம்.

இவற்றில் எதுவும் பெரிய வித்தையன்று. ஆனால் நடைமுறையில் காண்பது வேறு. சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பொன்னேரிக்கோ, அதற்கும் அப்பால் சென்னைக்கோ கணினியைத் தூக்கிக்கொண்டு போனால், லினக்ஸை அடியோடு அழித்து உரிமமில்லாத விண்டோஸைப் போட்டுக்கொடுப்பதே பழுதுபார்ப்பு என்று கருதும் கடைகள் நம் ஊர்களில் இல்லாமலில்லை. பொதுப்பணத்தில் வந்த தமிழ் இயங்குதளம் அங்கே குப்பையாகிறது. மாணவியின் பாடக்குறிப்புகளும் சில வேளைகளில் அதோடு போகின்றன. ஏரியில் இறாலும் நண்டும் பிடித்துச் சேர்த்த வருமானத்தில் ஒரு பங்கு, செய்யத் தேவையே இல்லாத வேலைக்குக் கூலியாகிறது.

ஆகையால் அரசுக்கு மூன்று காரியங்களை விண்ணப்பித்துக்கொள்கிறேன். வழங்கும் ஒவ்வொரு கணினியோடும், மேற்சொன்ன சோதனைகளை வரிசைப்படி விளக்கும் தமிழ்க் கையேடு ஒன்று அச்சிட்டுத் தரப்படவேண்டும். அந்தக் கணினிக்குரிய டிரைவர்களும் ஃபர்ம்வேரும், இணையமில்லாமலே மறுபடி நிறுவிக்கொள்ளத் தக்கவாறு, அதன் வட்டிலேயே ஒரு பகுதியில் இருக்கவேண்டும். மாணவர்களின் திறன் வளர்ப்புக்காக 2022-இல் தொடங்கப்பட்ட 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ், குப்பத்துக்கு ஓர் இளைஞருக்காவது இப்பழுதுகளை நீக்கும் பயிற்சி அளிக்கப்படவேண்டும். இவற்றைத் தமிழில் எழுத இயலுமா என்று கேட்பவர்கள், 2012 முதல் கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழிலேயே எழுதிவரும் 'கணியம்' மின்னிதழைப் பார்க்கட்டும். எழுதுவோர் இருக்கிறார்கள், எழுதியதை மாணவியின் கையில் சேர்ப்பது அரசின் கடமை.

பெற்றோருக்கும் மாணவருக்கும் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. வைஃபை மறைந்த கணினியைக் கடையில் கொடுக்குமுன், அதில் இருக்கும் மற்றோர் இயங்குதளத்தை ஒரு முறை திறந்து பாருங்கள். அங்கே வைஃபை தெரிந்தால் புதிய அட்டைக்குப் பணம் கொடுக்காதீர்கள். உங்கள் லினக்ஸை எவரும் அழிக்கவும் விடாதீர்கள்.