தண்டவாளத்தில் ஏன் உறங்கினார்கள்?

2020 மே 8 அதிகாலையில் ஔரங்காபாத் அருகே சரக்கு ரயில் ஏறி 16 புலம்பெயர் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். மத்தியப் பிரதேசத்திலுள்ள தம் ஊர்களுக்குத் திரும்ப ஜால்னாவிலிருந்து நடந்தவர்கள். ஊரடங்கில் ரயில்கள் ஓடா என்றெண்ணிக் கண்ணயர்ந்தவர்கள். தண்டவாளத்தில் போய் ஏன் உறங்கினார்கள் என்று பலரும் கேட்டனர். ஒரு வாரம் கழித்து உச்ச நீதிமன்றத்திலும் ஏறத்தாழ அதே கேள்வி எழுந்தது. நான்கு மணி நேர அவகாசத்தில் நாட்டைப் பூட்டியவர்களை அது தொடவில்லை.

இதைக் கல்நெஞ்சம் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்க உளவியலாளர் மெல்வின் லெர்னர், சிம்மன்ஸுடன் இணைந்து 1966இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பெண் மின்னதிர்ச்சிக்கு உள்ளாகும் காட்சியை மாணவியர் பார்த்தனர். (அதிர்ச்சி உண்மையன்று, நடிப்பே.) துன்பம் தொடரும், தம்மால் ஆவது ஒன்றுமில்லை என்ற நிலையில் இருந்தவர்கள் அப்பெண்ணையே தாழ்வாக மதிப்பிட்டனர். வாக்களித்து அவளை விடுவிக்க முடிந்தவர்களிடம் இவ்விழிவுபடுத்தல் குறைந்தது.

'உலகம் நியாயமாகவே நடக்கிறது' என்னும் இந்நம்பிக்கையை அளக்க, ரூபினும் பெப்லாவும் 1975இல் 20 கூற்றுகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டனர். வியட்நாம் போருக்கு ஆளெடுக்க 1971இல் நடந்த குலுக்கலையும் அவர்கள் ஆராய்ந்திருந்தனர். பிறந்த தேதியை வைத்து நடந்த வெறும் குலுக்கல் அது. ஆயினும் இந்நம்பிக்கை மிகுந்தவர்கள், பாதகமான எண் விழுந்தவர்கள் மீதே கசப்புக் கொண்டனர்.

கட்சி வகுப்புக்காக இவ்வளவுகோலைத் தமிழாக்க முற்பட்டபோது ஒரே சொல்லில் நின்றுபோனேன். மனிதருக்குக் கிடைப்பது அவர்தம் 'தகுதி'க்கேற்ப என்றெழுதினால் இடஒதுக்கீட்டை எதிர்ப்போரின் குரல் கேட்கிறது. 'வினைப்பயன்' என்றால் பிறப்பையே தண்டனையாக்கும் தத்துவம் நுழைந்துவிடுகிறது. 'உரியது' என்றாலோ, கூலி உயர்வு கேட்கும் தொழிலாளியும் 'ஆம்' என்றே குறியிடுவார். அந்த 'ஆம்' நடப்பைச் சொல்கிறதா, கோரிக்கையைச் சொல்கிறதா? எண்ணைக் கூட்டுபவருக்கு இது தெரியாது. இறுதியில் 'உரியது' என்றே எழுதி, 'இன்றைய நிலையில்' என்னும் தொடரை முன்னே சேர்த்தேன். மூலத்தில் இல்லாத சேர்க்கைதான். வேறு வழி தென்படவில்லை.

மதிப்பெண் கூடுதலாக வந்தால் 'மக்களுக்கு உணர்வில்லை' என்று சலித்துக்கொள்ளும் தோழர்களுடன் நான் உடன்படவில்லை. சோதனைக்கூடத்தில் அம்மாணவியரை யாரும் உபதேசித்து மாற்றவில்லை. அவர்கள் கையில் ஒரு வாக்கு இருந்தது, அவ்வளவே. இப்படிவத்தை வகுப்பில் ஒருமுறையும், அடுத்த வேலைநிறுத்தம் முடிந்தபின் மறுமுறையும் அதே தோழர்களிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று மாவட்டக் குழுவுக்கு எழுதியிருக்கிறேன்.