மார்கழியில் முருங்கைக்காய் கேட்காதீர்!

மாசக் கடைசியில் மெஸ் பாக்கிக்குக் கதை விடும் ரூம்வாசிகளே, திருச்செங்கோடு உழவர் சந்தைக்குப் பையோடு போங்கள், லிஸ்ட்டோடு போகாதீர்கள்.

1999 நவம்பர் 14-ல் மதுரையில் ஆரம்பித்த திட்டம் இது. அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயிதான் விற்கலாம். புரோக்கருக்கு வேலை இல்லை. அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுவார்கள். அதை ராசிபலன் மாதிரி படியுங்கள். எது மலிவோ, அது சுத்துப்பட்டுத் தோட்டங்களில் கொத்துக்கொத்தாகக் காய்க்கிறது என்று அர்த்தம். தையில் அவரை, சித்திரையில் முருங்கை. மார்கழியில் முருங்கைக்காய் சாம்பார்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் பர்ஸ் காலி. (பாக்யராஜ் ரசிகர்கள் மன்னிக்க!)

காய் பொறுக்கத் தெரியாதா? கூச்சப்படாமல் கேளுங்கள். "அது முத்தலுங்க தம்பி, இதை எடுங்க" என்று விற்கிற அம்மாவே மாற்றிக் கொடுப்பார். விடியற்காலையில் போகணும். பத்து மணிக்குக் கொட்டாவியோடு போனால், மிச்சம் கிடக்கும் காய் உங்களைப் போலவே வாடியிருக்கும்.

சமைக்கத் தெரியாதவனைக் காப்பாற்றவே கொங்கு நாட்டில் அரிசிம்பருப்பு இருக்கிறது. கடுகு, சீரகம், வரமிளகாய் தாளித்து, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, மஞ்சள்தூள், உப்பு போடுங்கள். 1 டம்ளர் அரிசி, அதில் மூன்றில் ஒரு பங்கு துவரம்பருப்பு, 4 டம்ளர் தண்ணீர். குக்கரில் 4 விசில். அவ்வளவுதான்.

அவரைக்காயைத் தனியாக வதக்கித் தேங்காய் தூவினால் போதும். மசாலாவெல்லாம் மூணு நாள் லாரியில் வந்த காய்க்குப் போடும் மேக்கப்!

கடைசியில் ஒரு ஸ்பூன் நெய். வாசம் பிடித்துப் பக்கத்து ரூம்காரன் தட்டோடு வருவான். முதலில் கதவைத் தாழ் போடுங்கள்.