யாருக்கும் சொந்தமில்லாத பாலம்

யூரோ நோட்டு எப்பவாவது கையில் கிடைச்சா பின்பக்கம் திருப்பிப் பாருங்க. ஒரு பாலம் இருக்கும். 2002-ல் புழக்கத்துக்கு வந்த முதல் வரிசையில் ஏழு நோட்டு, ஏழு பாலம். அப்போ அதில் ஒண்ணுகூட நிஜத்தில் கிடையாது. எந்த நாட்டுப் பாலத்தைப் போட்டாலும் மற்ற நாடுகள் கோவிச்சுக்கும். அதனால் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ராபர்ட் கலினா, கட்டடக்கலைப் பாணிகளை மட்டும் எடுத்துக் கற்பனைப் பாலங்களாக வரைந்தார். அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? நெதர்லாந்தில் ராபின் ஸ்டாம் என்ற வடிவமைப்பாளரின் யோசனைப்படி, ஸ்பைக்கனிஸ்ஸே என்ற ஊரில் அந்த ஏழு பாலத்தையும் அதே நிறங்களில் கட்டியே விட்டாங்க. ஐரோப்பாவுக்கே பொதுவான பாலம் கடைசியில் ஒரு டச்சு ஊரோட சொத்து!

இதுக்கு நேர் எதிரான வழியும் இருக்கு. 2009-ல் பிரஸ்ஸல்ஸில், ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டடத்தில், செக் சிற்பி டேவிட் செர்னி 'என்ட்ரோப்பா'ன்னு ஒரு பிரம்மாண்டமான படைப்பை மாட்டினார். 27 நாடு, ஆளுக்கொரு அடையாளம். ஸ்வீடன் ஒரு ஐக்கியா பெட்டி, ருமேனியா ஒரு டிராகுலா பூங்கா. பல்கேரியா? கழிவறை. அந்த நாடு கொதிச்சுப் போக, அந்தப் பகுதியைக் கறுப்புத் துணி போட்டு மூடினாங்க. 27 நாட்டுக் கலைஞர்கள் செய்ததுன்னு சொன்னதும் புருடாதான். அவரும் நண்பர்களும் செய்தது.

சிரிக்காதீங்க. கல்ச்சுரல்ஸ் சுவருக்கு 'வேற்றுமையில் ஒற்றுமை'ன்னு தீம் வந்தா நாம என்ன வரைகிறோம்? பஞ்சாபுக்குத் தலைப்பாகை, கேரளாவுக்குக் கதகளி முகம், ராஜஸ்தானுக்கு ஒட்டகம், நமக்கு ஒரு கோபுரம். செர்னி கிண்டலுக்குச் செய்ததை நாம பயபக்தியோடு செய்கிறோம்.

பட்டு எடுக்கவோ கோவில் பார்க்கவோ காஞ்சிபுரம் போயிருப்பீங்க. அங்கே வேகவதி ஆற்றங்கரையில் இருக்கு திருப்பருத்திக்குன்றம். (பட்டு ஊருக்குப் பக்கத்தில், பேரில் பருத்தி!) ஜின காஞ்சின்னும் சொல்வாங்க. இங்குள்ள திரைலோக்கியநாதர் கோவிலின் சங்கீத மண்டபத்தை 1387-ல் கட்டியவர் விஜயநகர அமைச்சர் இருகப்பர். அதன் விதானத்தில் பிற்பாடு வரைந்த ஓவியங்கள் பட்டை பட்டையாக ஓடுது. ரிஷபதேவர் வாழ்க்கை, மகாவீரர் வாழ்க்கை, கூடவே கிருஷ்ணர் கதை. சமணக் கோவிலில் கிருஷ்ணரான்னு கேட்கலாம். 22-ஆம் தீர்த்தங்கரர் நேமிநாதர், சமண மரபில் கிருஷ்ணருக்கு உறவுக்காரர். அந்தக் கதையை அவங்க தங்கள் வழியில் சொல்றாங்க. படத்துக்குக் கீழே விளக்கம் தமிழில்.

வடக்கே நடந்ததாகச் சொல்லும் கதை, கன்னட நாட்டிலிருந்து வந்த ஆட்சி, தமிழ் எழுத்து. வரைந்தவர்கள் யாரையும் திருப்திப்படுத்த எதையும் அழிக்கலை, யாரையும் ஒற்றைச் சின்னமாகச் சுருக்கவும் இல்லை. தங்களுக்குத் தெரிந்த கதையைத் தங்கள் ஊர்க்காரங்களுக்குச் சொன்னாங்க. எனக்குப் பொது அடையாளம்னா இதுதான்.

சமணர்னு சொன்னதும் நம்மில் பலருக்கு சௌகார்பேட்டைதான் ஞாபகம் வரும். ஆனா காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கமெல்லாம் தலைமுறை தலைமுறையாக வீட்டில் தமிழ் பேசும் சமணக் குடும்பங்கள் இருக்கு. சீவக சிந்தாமணி எழுதிய திருத்தக்கதேவர் அந்த மரபுதான். நம்ம சுவரில் இவங்களுக்கு என்ன படம் போடுவீங்க? கோபுரமா, ஒட்டகமா? கைவசம் சின்னம் இல்லாதவங்க சுவரிலேயே இல்லாம போயிடுறாங்க.

அதனால அடுத்த தடவை ஃபைன் ஆர்ட்ஸ் கிளப்பில் 'மாநிலத்துக்கு ஒரு படம்'னு யாராவது ஆரம்பிச்சா தடுத்துப் பாருங்க. ஹாஸ்டலில் அறை அறையாகப் போய், அவங்கவங்க ஊர்க் கோவில், மசூதி, மாதா கோவில் சுவரில் என்ன இருக்குன்னு கேட்டுட்டு வந்து வரையலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பருத்திக்குன்றமும் போயிட்டு வாங்க. கழுத்து வலிக்கும், பரவாயில்லை. ஃபிளாஷ் மட்டும் போடாதீங்க, வண்ணம் ஏற்கனவே நிறைய மங்கிப் போயிருக்கு.