மாடித் தோட்டமா... மாடிக் கடையா?

சென்னையில் ஏதோ ஒரு தெரு, ஏதோ ஒரு மொட்டை மாடி. மூலையில் பத்துப் பதினைந்து குரோ பேக்குகள் வெயிலில் வெளுத்துக் கிடக்கும். உள்ளே இறுகிப்போன தேங்காய் நார்க்கழிவு, நடுவில் காய்ந்த தக்காளிக் குச்சி. பக்கத்தில் பாதி தீர்ந்த ஒரு பாட்டில். அதன்மேல் பச்சை எழுத்தில் 'ஆர்கானிக்' என்று போட்டிருக்கும். வீட்டுக்காரரைக் கேட்டால், "இயற்கை முறையெல்லாம் பேசத்தான் நல்லாயிருக்கும் சார், நடைமுறைக்கு ஒத்துவராது" என்பார்.

ஒத்துவராமல் போனது இயற்கை முறையா? இல்லவே இல்லை. அந்த மாடியில் இயற்கை முறை தொடங்கவே இல்லை என்பதுதான் உண்மை. அங்கே நடந்தது வெறும் ஷாப்பிங்!

வீட்டுத் தோட்டம் போட ஆசைப்படுகிறவர் கையில் முதலில் திணிக்கப்படுவது ஒரு பட்டியல். குரோ பேக், நார்க்கழிவுக் கட்டி, மண்புழு உரம் ஒரு பாக்கெட், வேப்பம் புண்ணாக்கு ஒரு பாக்கெட், விதை, வளர்ச்சி டானிக், பூச்சிக்கு ஒரு ஸ்பிரே. எல்லாமே கடையில் இருப்பவை. அந்த வீட்டுச் சமையலறையில் தினமும் சேரும் காய்கறிக் கழிவுக்கு மட்டும் பட்டியலில் இடமில்லை. காலையில் செடிக்குப் பாக்கெட் உரம் போட்ட அதே கைதான், வாழைப்பழத் தோலையும் கீரைத் தண்டையும் பாலிதீன் பையில் கட்டிக் குப்பை வண்டியில் எறிகிறது. இதைவிடப் பெரிய முரண்பாடு இருக்க முடியுமா?

'ஆர்கானிக்' என்றால் ரசாயனம் இல்லாதது, அவ்வளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சொல் வந்த வழி வேறு. 1940-ல் இங்கிலாந்தில் நார்த்போர்ன் பிரபு எழுதிய 'லுக் டு தி லேண்ட்' என்ற புத்தகம்தான் அதை விவசாயத்தோடு சேர்த்தது. ஒரு பண்ணை என்பது உயிருள்ள ஓர் உடல் மாதிரி, அதன் பாகங்கள் ஒன்றையொன்று தாங்க வேண்டும் என்பது அவர் கருத்து. அதற்கும் முன்பே, 1931-ல், இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்டும் யஷ்வந்த் வாடும் சேர்ந்து, பண்ணைக் கழிவை மட்கவைத்து மண்ணுக்கே திருப்பும் முறையைப் புத்தகமாக வெளியிட்டிருந்தார்கள். இன்றும் அதற்கு 'இந்தூர் முறை' என்றுதான் பெயர். ஆக, மண்ணிலிருந்து வந்தது மண்ணுக்கே திரும்ப வேண்டும் என்பதே இந்த முறையின் உயிர். அந்தச் சுற்று இல்லாத தோட்டத்தில் எத்தனை பச்சை லேபிள் ஒட்டினாலும் அது ஆர்கானிக் ஆகாது.

சரி, விஷயத்துக்கு வரலாம். அந்தத் தக்காளி ஏன் காய்ந்தது?

நார்க்கழிவு நல்ல பொருள்தான். எடை குறைவு, தண்ணீரைப் பிடித்து வைக்கும், மாடித் தளத்துக்குப் பாரமாகாது. ஆனால் அது உணவு அல்ல. மட்காத நார்க்கழிவில் தழைச்சத்து மிகக் குறைவு. ஒரு பங்கு தழைச்சத்துக்கு நூறு பங்குக்கு மேல் கரிமம். அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள், இருக்கிற கொஞ்ச தழைச்சத்தையும் தாங்களே எடுத்துக்கொள்ளும். கழுவாத கட்டி என்றால் உப்பும் சேர்ந்துகொள்ளும். கூட ஒரு கைப்பிடி மண்புழு உரம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? முதல் மாதம் செடி எழும்பும். இரண்டாம் மாதம் இலை மஞ்சளாகும். உடனே டானிக். பலன் இல்லையென்றால் இன்னொரு டானிக். மூன்றாம் மாதம் தோட்டம் முடிந்துவிடும், இயற்கை முறைமேல் இருந்த நம்பிக்கையும் சேர்ந்தே முடிந்துவிடும். பணம் போனதைவிட இதுதான் பெரிய நஷ்டம்.

நஷ்டம் அந்த வீட்டோடு நிற்பதும் இல்லை. வெளியே எறிந்த தோலும் தண்டும் எங்கே போகின்றன? பல பத்தாண்டுகளாகச் சென்னைக் குப்பை போய்ச் சேர்ந்த இடங்கள் கொடுங்கையூரும் பெருங்குடியும். கொடுங்கையூர்க் கிடங்கு மட்டுமே 300 ஏக்கருக்கு மேல். பெருங்குடியோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியே இருக்கிறது. ஈரக் குப்பை காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகும், அது எரியக்கூடியது. 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் கிடங்கு பற்றி எரிந்தபோது பல நாட்கள் புகை அடங்கவில்லை. அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள். மாடியில் ஆர்கானிக் தக்காளி, கீழே அடுத்தவர் மூக்கில் புகை... இதற்குப் பெயர் இயற்கை நேசமா? 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே ஈரக் குப்பையை வீட்டிலேயே பிரிக்கச் சொல்லிவிட்டன. பிரித்ததை அதே வீட்டில் மட்கவைப்பது அடுத்த படி, அவ்வளவே.

தொடங்குவதற்குத் தேவை மூடியுள்ள ஒரு பழைய பிளாஸ்டிக் வாளி. பக்கத்திலும் அடியிலும் ஓட்டைகள், கீழே ஒரு தட்டு. தெருவில் கூட்டிக் குவித்த காய்ந்த சருகு ஒரு சாக்கு. காய்கறிக் கழிவு ஒரு பங்கு போட்டால் அதன்மேல் சருகு இரண்டு பங்கு. முதல் முறை ஒரு கைப்பிடி தோட்டத்து மண் தூவினால் போதும், நுண்ணுயிர்கள் தானாக வந்துவிடும். அதற்கென்று தனிப் பொடி வாங்கத் தேவையில்லை. வாரம் ஒரு முறை கிளறிவிட வேண்டும். இறைச்சி, மீன், எண்ணெய்ப் பண்டம் கூடாது. இரண்டு மூன்று மாதத்தில் மழை பெய்த மண் வாசனையோடு கறுப்பாக உதிரும். அதுதான் உரம்.

"நாறுமே?" என்பது எல்லாரும் கேட்கிற கேள்வி. நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், காற்றுக் குறைவு என்று பொருள். சருகு கூடப் போட்டுக் கிளறினால் அடங்கிவிடும். "நேரம் இல்லையே?" என்பது அடுத்தது. குப்பைப் பையைக் கட்டித் தெருமுனைக்குத் தூக்கிப்போக ஆகிற நேரம்தான் இதற்கும்.

"அப்படியானால் எதையுமே வாங்கக் கூடாதா?" என்றால், அப்படியும் இல்லை. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுத்த மாடித்தோட்டத் தளைகளை வைத்துப் பல குடும்பங்கள் நன்றாகவே தொடங்கியிருக்கின்றன. பை வாங்கலாம், விதை வாங்கலாம், அசுவினி வந்தால் வேப்பெண்ணெயும் வாங்கலாம். வாங்கிய பை தீர்ந்த பிறகும் மண்ணுக்குச் சாப்பாடு எங்கிருந்து வரும் என்பதற்கு மட்டும் முதலிலேயே பதில் இருக்க வேண்டும்.

விதைக்குக்கூட முதலில் கடைக்கு ஓட வேண்டாம். அஞ்சறைப்பெட்டியில் வெந்தயம் இருக்கிறது. செம்மண், மட்கிய உரம், கழுவிய நார்க்கழிவு மூன்றையும் சம அளவில் கலந்து தூவினால் 20-25 நாளில் கீரை தயார். கொத்தமல்லியை இரண்டாக உடைத்து விதைக்கலாம். இலையைக் கிள்ளிக்கொண்ட புதினாத் தண்டை ஊன்றினாலே துளிர்க்கும். தக்காளியும் கத்தரியும் அதற்கப்புறம் வரட்டும்.

தோட்டம் வேண்டும் என்பவர் இன்றைக்கு வாளியை எடுத்து ஓட்டை போடட்டும். குரோ பேக் வாங்குவதை இரண்டு மாதம் கழித்து யோசித்துக்கொள்ளலாம்.