ஓட்டாத வண்டிக்கு எதற்கு ரெஸ்டோரேஷன்?

பழைய பிரிட்டிஷ் பைக் என்றாலே ஒரு கூட்டம் உருகி வழியும். டிரயம்ஃப், நார்ட்டன், பி.எஸ்.ஏ., வின்சென்ட் என்று பேரைச் சொன்னால் போதும். சரி, உருகட்டும். காசு கொடுத்து வாங்கி, நட்டு போல்ட்டு வரை பிரித்து, பழைய பெயிண்டைச் சுரண்டி எறிந்து, குரோம் பூசி, முகம் பார்க்கிற மாதிரி பளபளப்பாக்கி.... அப்புறம்? கூடத்தில் கயிறு கட்டி நிறுத்திவிடுகிறார்கள். வருஷத்தில் ஒரு நாள் வேனில் ஏற்றிக் கண்காட்சிக்குக் கொண்டுபோய், கோப்பை வாங்கிக்கொண்டு, மறுபடி வேனிலேயே வீட்டுக்கு. இதற்குப் பேர் ரெஸ்டோரேஷனாம்!

ஏன் ஓட்டவில்லை என்று கேட்டால் "ஓட்டினா தேஞ்சுடும்" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நிறுத்தி வைத்தால் என்ன ஆகும்? டிரயம்ஃப், பி.எஸ்.ஏ. இரட்டை சிலிண்டர் வண்டிகளில் ஆயிலுக்குத் தனி டேங்க். பம்ப் அதை என்ஜினுக்கு அனுப்பித் திரும்ப டேங்குக்கே கொண்டுவரும். மாதக்கணக்கில் சும்மா நின்றால் ஆயில் பம்ப் வழியாக மெல்ல இறங்கி கிராங்க் கேஸில் தேங்கிவிடும். டேங்கைத் திறந்தால் காலி. விவரம் தெரியாதவர் புது ஆயிலை ஊற்றி உதைத்தால் ஒரே புகை, உபரி ஆயில் கண்ட இடத்தில் பீச்சும். கார்புரேட்டரில் பெட்ரோல் காய்ந்து பிசினாகி ஜெட்டை அடைக்கும். பேட்டரி தகட்டில் சல்பேட் படியும். ஓடித் தேய்ந்தாலும் பாகம் மாற்றவேண்டும், நின்று கெட்டாலும் மாற்றவேண்டும். ஓடிய வண்டியிலாவது நாலு ஊர் பார்த்த கணக்கு மிச்சம்.

இன்னொரு கொடுமை. டிரயம்ஃப் இரட்டை சிலிண்டர் என்ஜினில் கிராங்க் ஷாஃப்டுக்குள் ஒரு குழாய் உண்டு. ஆயிலில் வரும் கசடெல்லாம் அதில் போய் ஒதுங்கும். அது நிரம்பி அடைத்தால் பிக் எண்டுக்கு ஆயில் போகாது, கதை முடிந்தது. என்ஜினை முழுசாகப் பிரித்தால்தான் அதைச் சுத்தம் செய்ய முடியும். கண்காட்சி நடுவர் கண்ணுக்கு அது தெரியாது. அவர் பார்ப்பது டேங்கில் உள்ள தங்கக் கோட்டை. அதனால்தான் கோட்டுக்குப் பணம் செலவாகிறது, குழாய்க்கு ஆகவில்லை. ரெஸ்டோரேஷன் என்றால் இந்தக் குழாயில் ஆரம்பிக்கவேண்டும் சாமி.

"இது முதலீடு, உங்களுக்குப் புரியாது" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அக்கவுண்டன்சி வகுப்பில் வருஷா வருஷம் தேய்மானம் கழித்தவர்களுக்கு நன்றாகவே புரியும் :-) 2016 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டில் போனாம்ஸ் ஏலம் நடந்தது. கார்ன்வாலில் கொட்டகைகளில் பல பத்தாண்டுகள் துருப்பிடித்துக் கிடந்த எட்டு பிரஃப் சுப்பீரியர் வண்டிகள் வந்தன. அதில் நாலு சிலிண்டர் வண்டி ஒன்று 3,31,900 பவுண்டுக்குப் போனது. துருவோடு! வாங்கியவர்கள் பெயிண்டுக்கா காசு கொடுத்தார்கள்? தொழிற்சாலையில் பூசிய நிறத்தைச் சுரண்டிவிட்டால் மறுபடி எந்தக் கடையில் வாங்குவது? முதலீடு என்று சொல்லிக்கொண்டே முதலைச் சுரண்டுகிறார்கள்.

கூரைக்குள் வைத்தால் பத்திரம் என்பதும் முழு உண்மையில்லை. 2003 செப்டம்பரில் பர்மிங்ஹாம் பக்கத்திலுள்ள தேசிய மோட்டார் சைக்கிள் மியூசியத்தில் தீப்பிடித்தபோது ஏறத்தாழ 380 வண்டிகள் எரிந்தன. (அதில் பலவற்றைத் திரும்ப உயிர்ப்பித்தார்கள், அந்த உழைப்புக்கு ஒரு சலாம்.)

ஓட்டுகிறவர்களும் அதே நாட்டில்தான் இருக்கிறார்கள். 1946ல் தொடங்கிய விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப் நடத்தும் பான்பரி ஓட்டத்துக்கு 1931க்கு முந்தைய வண்டிகள் மட்டும்தான் வரலாம். சன்ரைசிங் ஹில் என்ற செங்குத்தான மேட்டில் அவை முக்கி முனகி ஏறும். சிலது பாதியில் நின்றுவிடும், இறங்கித் தள்ளவேண்டியதுதான். அரசாங்கமும் தடுக்கவில்லை. 40 வயது தாண்டிய வண்டி பெரிதாக மாற்றப்படாமல் இருந்தால் சாலை வரி கிடையாது, 2018லிருந்து வருடாந்தர எம்.ஓ.டி. சோதனையும் கட்டாயமில்லை.

நம்ம புல்லட்டையே பாருங்களேன். ராயல் என்ஃபீல்டின் ரெட்டிச் தொழிற்சாலை 1967ல் மூடப்பட்டது. 1955ல் தொடங்கிய மெட்ராஸ் என்ஃபீல்டு இந்தியா அதே புல்லட்டைத் தயாரித்துக்கொண்டே இருந்து, 1977ல் பிரிட்டனுக்கே ஏற்றுமதி செய்ய ஆரம்பித்தது. இங்கே ராணுவமும் போலீசும் அதைக் கண்ணாடிக் கூண்டில் வைக்கவில்லை, மண் ரோட்டில் அடித்து ஓட்டினார்கள். அதனால்தான் ஸ்பேர் பார்ட்ஸ் கிடைத்தது, மெக்கானிக்குகள் உருவானார்கள்.

பிரிட்டிஷ் பைக் நின்ற இடத்தில் ஆயில் சொட்டும், சொட்டாவிட்டால் டேங்கில் ஆயில் இல்லை என்று அர்த்தம் என்று ஒரு பழைய ஜோக் உண்டு. அடுத்த முறை கயிறு கட்டிய வண்டியைப் பார்க்க நேர்ந்தால் கொஞ்சம் குனிந்து பாருங்கள். அடியில் ஒரு தட்டு இருக்கும். பளிங்குத் தரை கறையாகிவிடுமாம்.