ஐயாயிரம் ரூபாய் முதுகு தேய்த்து விடாது

2024 செப்டம்பர் 21, நவம்பர் 14, 2025 மே 6. எட்டு மாதத்துக்குள் இலங்கை மூன்று தடவை வாக்களித்தது. மூன்று தடவையும் கொலன்னாவைத் தொகுதிப் பள்ளிக்கூட வாசல்களில் விடிந்ததும் வந்து நின்றவர்களில் வெள்ளைத் தலைகள் கொஞ்சமல்ல. முழங்கால் மடங்காத அம்மாவைத் த்ரீவீலிலிருந்து இறக்கி, பிளாஸ்டிக் கதிரையோடு தூக்கி, வகுப்பறைப் படியேற்றும் பேரன்மாரை எந்த வாக்களிப்பு நிலையத்திலும் காணலாம். இளசுகள் மத்தியானச் சாப்பாடு முடிந்து வருவார்கள், அல்லது வராமலே இருப்பார்கள். கிழடுகள் வந்தே தீரும்.

அந்தக் கிழடுகளுக்கு மேடைகளில் கிடைத்தது என்ன? இரண்டு தொகைகள். குறைந்த வருமானம் உள்ள, 70 வயதைத் தாண்டியவர்களுக்கான மாதக் கொடுப்பனவு 2,000 ரூபாயாக இருந்து, 3,000 ஆகி, 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ஆனது. அது ஒன்று. மற்றது வங்கி வட்டி. 60 வயதைத் தாண்டியவர்களின் வைப்புக்கு 15 வீதம் என்றிருந்த விசேட வட்டி 2022 நெருக்கடியோடு நின்றுபோனது. இப்போது 10 இலட்சம் ரூபாய் வரையான வைப்புக்கு, சந்தை வட்டிக்கு மேல் 3 வீதம் தரும் திட்டம் அதே வரவு செலவுத் திட்டத்தில் வந்திருக்கிறது. இரண்டையும் நாம் குறை சொல்லவில்லை. 2022 செப்டம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை எட்டியபோது முதலில் நொறுங்கியவை, வட்டியை நம்பிச் சீவித்த, பென்ஷன் இல்லாத வீடுகள்தான். அவர்களுக்குக் கிடைக்கிற ஒவ்வொரு ரூபாயும் நியாயமானது.

ஆனால் பாரிசவாதம் வந்து பாயோடு கிடக்கும் ஒருவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். விட்டால் இடுப்புக்குக் கீழே தோல் முதலில் சிவக்கும், பிறகு கொப்புளிக்கும், பிறகு எலும்பு தெரியப் புண்ணாகும். கஞ்சி பருக்கும்போது தலையை நிமிர்த்திப் பிடிக்காவிட்டால் அது நெஞ்சுக்குள் இறங்கிச் சளிக்காய்ச்சலாக மாறும். மாதம் ஒருமுறை கிளினிக் கொப்பியோடு விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் நம்பர் எடுக்க ஒரு ஆள் வேண்டும். குளிக்க வார்த்து, முதுகு தேய்த்து, ஈரம் துவட்டி விடவும் ஆள் வேண்டும். ஐயாயிரம் ரூபாய் இதில் எதையும் செய்யாது. படுக்கையில் கிடப்பவருக்கு ஒரு மாதத்துக்கு வேண்டிய பம்பர்ஸுக்கே அது காணாது. ஏஜென்சி மூலம் ஆள் வைத்தால் கொழும்பில் ஒன்றிரண்டு நாளில் கரைந்துவிடும். கொடுப்பனவைக் கூட்டுவது தேர்தல் ஏலத்துக்கு வசதியான பொருள். பராமரிப்பு அப்படி ஏலம் போடக்கூடியதல்ல. அதனால்தான் எந்தக் கட்சியின் விஞ்ஞாபனத்திலும் அது ஓரமாகவே நிற்கிறது என்று நினைக்கிறோம்.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. பிள்ளைகள் பெற்றோரைக் கைவிடக் கூடாது, பார்க்க வேண்டியது அவர்கள் கடமை என்று அது சொல்கிறது. பிள்ளைகள் இல்லாத, அல்லது பிள்ளைகளால் கைவிடப்பட்ட ஆதரவற்றவர்களுக்கு அரசு தங்குமிடம் தர வேண்டும் என்கிறது. பராமரிப்புப் பணம் கேட்டு முறையிட ஒரு சபையையும் ஏற்படுத்தியது. நல்ல சட்டம். ஆனால் அது இரண்டு கரைகளை மட்டும் பார்த்து எழுதப்பட்டது. ஒரு கரையில் பார்க்க வசதியிருந்தும் பார்க்காத பிள்ளை, மறு கரையில் யாருமே இல்லாத அனாதை. இந்த நகரத்து முதியவர்களில் பெரும்பாலோர் இரண்டிலும் சேராதவர்கள். அவர்களுக்குப் பிள்ளை இருக்கிறான், பாசமும் இருக்கிறது. அவன் ரொறொன்ரோவில் இருக்கிறான். அல்லது மகள் வெல்லம்பிட்டியில் கூடவே இருக்கிறாள், ஆனால் காலை ஆறரைக்குக் கார்மெண்ட் பஸ்ஸைப் பிடித்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். இவர்களில் யார் மேல் வழக்குப் போடுவது?

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒழுங்கைகளில் எழும்பி நிற்கும் மாடி வீடுகளில் முதல் வகைக்குப் பஞ்சமில்லை. மூன்று அறை, இரண்டு ஏசி, ஒரு வைஃபை, ஒரு அம்மா. லிஃப்ட் பழுதானால் அம்மாவுக்கு உலகம் ஐந்தாம் மாடியோடு முடிந்துவிடும். கொலன்னாவையிலோ, கொட்டாஞ்சேனையின் பின் தெருக்களிலோ கதை வேறு. இரண்டு அறை வீட்டில் ஏழு பேர், நடுவில் ஒரு கட்டில். கடையிலும் துறைமுகத்திலும் நாட்கூலிக்கு வேலை செய்து ஓய்ந்தவர்களுக்கு மாதப் பென்ஷன் கிடையாது. ஊழியர் சேமலாப நிதி இருந்தவர்களுக்கும் அது ஒரே தடவையில் வந்து, மகளின் கல்யாணத்தோடோ கூரைத் தகரத்தோடோ முடிந்திருக்கும். முதல் வீட்டில் காசு இருக்கிறது, கை இல்லை. இரண்டாவது வீட்டில் கைகள் இருக்கின்றன, அவை எல்லாமே கூலிக்குப் போயிருக்கின்றன.

வெள்ளவத்தை அம்மாவை இப்போது யார் பார்க்கிறார்கள்? இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். பெரும்பாலும் ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மலையகப் பெண். சமையலுக்கு என்று எடுத்திருப்பார்கள். அம்மா விழுந்த நாளிலிருந்து அவளே நர்ஸ், அவளே அட்டென்டன்ட், ராத்திரியில் அவளே அலார்ம். புண்ணுக்கு மருந்து வைக்க யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை; பார்த்துப் பழகிக்கொண்டது. 2016ஆம் ஆண்டின் தேசியக் குறைந்தபட்ச வேதனச் சட்டம் வீட்டுப் பணியாளர்களை வெளியே நிறுத்திவிட்டே இயற்றப்பட்டது. சேமலாப நிதியும் அவர்களை எட்டுவதில்லை. கொழும்புத் தமிழ் முதியோரின் கடைசிக் காலத்தை இத்தனை வருடமாகத் தாங்கி நிற்பது இந்தப் பெண்களின் முதுகு என்பதை எந்த மேடையிலும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தனக்கு 70 வயதாகும்போது அவள் தோட்டத்து லயத்துக்குத்தான் திரும்புவாள். அங்கே அவளைப் பார்க்கப் போவது யார் என்ற கேள்வியும் நம்முடையதுதான்.

இன்னொரு பக்கம், பராமரிப்பாளர் பயிற்சி பெற்று தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் வாங்கிய இளைஞர்களை இஸ்ரேலுக்கும் ஜப்பானுக்கும் அனுப்புகிறோம். போகட்டும், அவர்கள் அனுப்பும் பணம் பல வீடுகளை நிமிர்த்தியிருக்கிறது. ஆனால் டெல் அவிவில் இருக்கும் ஒரு பாட்டிக்குப் பயிற்சி பெற்ற கையைக் கொடுக்க முடிந்த நாடு, மீதொட்டமுல்லயில் இருக்கும் பாட்டிக்கு அதைக் கொடுக்க முடியாதிருப்பது ஏன் என்று எந்த அமைச்சரிடமும் கேட்கலாம்.

வழி தெரியாமல் நாம் நிற்கவில்லை. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து, மருத்துவமாது வீடு தேடி வரும் வழக்கம் இந்த நாட்டில் வேரூன்றியது. கர்ப்பிணியின் பெயர் அவருடைய பதிவேட்டில் இருக்கும். எந்த ஒழுங்கை, எந்தப் படி, மாமியார் எப்படி என்பதுவரை அவருக்குத் தெரியும். பிரசவத்தில் தாய் சாவது அயல் நாடுகளைவிட இங்கே இவ்வளவு குறைந்ததற்கு அந்த நடை ஒரு பெரிய காரணம். பிறப்புக்கு வாசல் வரை வந்த அரசு, முதுமைக்கு வாசலுக்கு வருவதில்லை. ஒவ்வொரு கிராம சேவகர் பிரிவுக்கும் பயிற்சி பெற்ற, சம்பளமும் சேமலாப நிதியும் உள்ள ஒரு முதியோர் பராமரிப்பாளர்; வாரம் இத்தனை வீடு என்று கணக்கு; மேலே கண்காணிக்க ஒரு தாதி. எல்லாக் கட்சிகளும் கையெழுத்திட வேண்டும் என்று நாம் கேட்பது இவ்வளவுதான். புதிதாகத் திணைக்களம் வேண்டாம், கட்டடமும் வேண்டாம்.

கடலுக்கு அப்பால் பார்த்தால் கேரளம் இருக்கிறது. கோழிக்கோட்டிலும் மலப்புரத்திலும் அயலவர்கள் கூடித் தொடங்கிய வலிநிவாரணப் பராமரிப்பு வலையமைப்பை 2008இல் மாநில அரசு கொள்கையாக்கியது. வீட்டுக்கு வரும் தாதிக்கு உள்ளூராட்சி பணம் ஒதுக்குகிறது, கூட நடப்பது அயலவர். தமிழ்நாட்டில் 2021 ஓகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சீனி, பிரஷர் மருந்தை வீட்டு வாசலில் கொடுக்கிறது. நடக்க முடியாதவருக்கு உடற்பயிற்சிச் சிகிச்சையும் உண்டு. பணக்கார நாடுகளால்தான் முடியும் என்ற சாட்டு இதன் பிறகு நிற்காது.

பணக்கார நாட்டிடமும் படிக்க ஒன்று உண்டு. நம்மவர் பிள்ளைகள் பலர் குடியேறிய அவுஸ்திரேலியாவில், முதியோர் இல்லங்களில் நடந்த அவலங்களை விசாரிக்க 2018இல் அரச ஆணைக்குழு அமைந்தது. 2021 மார்ச்சில் 148 பரிந்துரைகளோடு அறிக்கை வந்தது. அடுத்த ஆண்டுப் பொதுத் தேர்தலில் அது மேடைப் பேச்சாகியது: ஒவ்வொரு இல்லத்திலும் இருபத்துநாலு மணித்தியாலமும் பதிவு பெற்ற தாதி இருக்க வேண்டும், பராமரிப்பாளர் சம்பளம் உயர வேண்டும் என்று எதிர்க்கட்சி வாக்குறுதி கொடுத்து, வென்று, 2023இல் 15 வீதச் சம்பள உயர்வை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. முதியோர் பராமரிப்புக்கான புதிய சட்டத்தை 2024இல் ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்து நிறைவேற்றின. வீட்டுப் பராமரிப்புக்குக் காத்திருப்போர் பட்டியல் அங்கே இன்னும் நீளம்தான், கட்டணத்தைப் பற்றிச் சண்டையும் ஓயவில்லை. ஆனாலும் ஆட்சி மாறினால் அழிக்க முடியாதபடி அதை இரு தரப்பும் எழுதி வைத்தார்கள். நமக்கு வேண்டியது அந்தப் பழக்கம்.

‘பெற்றவர்களைப் பார்ப்பது நம் பண்பாடு, அரசு உள்ளே வந்தால் பிள்ளைகள் கைகழுவி விடுவார்கள்’ என்று மறுப்பவர்கள் உண்டு. இந்த வாதத்தை அதிகம் சொல்வது ஆண்கள். சட்டி கழுவி, சீலை துவைத்து, ராத்திரி எழும்பும் மருமகளிடம் இதைக் கேட்டால் பதில் வேறாக இருக்கும். வாரத்துக்கு இரண்டு தடவை வந்து ஐயாவைக் குளிப்பாட்ட ஒருவர் உதவினால் அந்த மருமகள் மாமனாரை வீதியில் விடமாட்டாள். மனம் சலிக்காமல் இன்னும் ஐந்து வருடம் பார்ப்பாள்.

காசு எங்கே என்ற கேள்வி நியாயமானது. 2023இலிருந்து சர்வதேச நாணய நிதியத்தின் கணக்குக்குள் நிற்கிறோம். அதனால் எல்லாருக்கும் இலவசம் என்று நாம் கேட்கவில்லை. ஐந்தாம் மாடி அம்மாவின் பிள்ளைகள் முழுக் கட்டணம் கட்டலாம். இன்று ஏஜென்சிக்குக் கொடுப்பதைவிட அது குறைவாகவே வரும். அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு வாங்கும் வீட்டுக்கு இலவசம். இடையில் இருப்பவர்களுக்கு இடைப்பட்ட தொகை. பராமரிப்பாளர் ஒருவரே, பதிவேடும் ஒன்றே. கோயில், பள்ளிவாசல், பன்சலை, தேவாலயம் எல்லாம் அன்னதானத்துக்குச் சேர்க்கும் காசில் ஒரு பங்கைச் சக்கர நாற்காலிக்கும் தண்ணீர் மெத்தைக்கும் ஒதுக்கலாம். வெளிநாட்டுப் பழைய மாணவர் சங்கங்கள் தம் பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு மண்டபம் கட்டுவதற்கு முன் ஒரு தாதியின் ஒரு வருடச் சம்பளத்தை எண்ணிப் பார்க்கட்டும்.

இதில் மொழியும் இருக்கிறது. மறதி நோய் முற்றும்போது பிறகு படித்த பாஷை முன்னே போவது உண்டு. சிங்களத்தில் நாற்பது வருடம் கடை நடத்திய ஒருவர் கடைசியில் ‘தண்ணி’ என்று மட்டும் கேட்பார். கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் தமிழ் தெரிந்த பராமரிப்பாளர் வேண்டும் என்பது அந்த ஒரு மிடறுக்காக. அதே நியாயம் யாழ்ப்பாணத்தில் ஓய்ந்து கிடக்கும் ஒரு சிங்களவருக்கும் உண்டு.

2012 கணக்கெடுப்பில் 65 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேருக்கும் குறைவு. 2024இல் அது பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. இவர்களுக்கான சமூக சேவை மாகாண சபைகளின் பொறுப்பு என்று அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் சொல்கிறது. மேல் மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 மார்ச்சில். அடுத்த தேர்தல் வரும்போது வீட்டு வாசலில் துண்டுப் பிரசுரத்தோடு நிற்கும் வேட்பாளரிடம், அவர் எந்தக் கட்சியானாலும், தொகையைக் கேட்க வேண்டாம். ஆள் எப்போது வருவார் என்று கேளுங்கள். இந்தியாவில் 85 வயதைத் தாண்டியவர் வீட்டிலிருந்தே வாக்களிக்க 2024இல் அதிகாரிகள் பெட்டியோடு வந்தார்கள், இங்கே ஏன் பிளாஸ்டிக் கதிரை என்றும் கேளுங்கள்.

கொலன்னாவை நகர சபைக்குத் தேர்தல் வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலை இருக்கிறது. 2016 மே மாதத்திலும், 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் களனி கங்கை சேதவத்தைக்கும் வெல்லம்பிட்டிக்கும் உள்ளே வந்தது. தண்ணீர் ஏறும்போது எந்த வீட்டில் எழும்ப முடியாத ஒருவர் படுத்திருக்கிறார் என்பது அயலவருக்குத் தெரியும், படகில் வருபவருக்குத் தெரியாது. கிராம சேவகரும், பள்ளிவாசல் நிர்வாகமும், முதியோர் சங்கமும், சந்தியில் நிற்கும் த்ரீவீல் பையன்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒழுங்கை ஒழுங்கையாக நடந்தால் அந்தப் பட்டியல் வந்துவிடும். பெயர், மாடி, மருந்து, தூக்க எத்தனை பேர் வேண்டும், யாருக்குப் போன் எடுப்பது. அடுத்த தென்மேற்குப் பருவமழைக்கு முன் அது நகர சபையின் மேசையில் இருக்க வேண்டும். பின்னாளில் பராமரிப்பாளர் வரும்போது அவருடைய முதல் பதிவேடும் அதுவே.